மீன் செதில் பாட்டு

லோவாவுக்கு இரண்டு தொழில். குளிர்காலத்தில் அக்குரேரி என்ற ஊரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் சலூன் வைத்துப் பெண்களுக்கு முடி வெட்டுவாள். பனி உருகிச் சாலைகள் திறந்ததும் சலூனைப் பூட்டிவிட்டு, வாத்தியக்காரர்கள் நாலு பேரோடு ஒரு பழைய வேனில் ஏறி, வடக்குப் பக்கத்து ஊர்களின் நடனக் கூடங்களுக்குப் பாடப் போய்விடுவாள். கட்டையான, கொஞ்சம் கரகரத்த குரல். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பாதிப் பேர் அவள் பாட்டுக்கு ஆடும்போது ஜோடி சேர்ந்தவர்கள். பிரிந்தவர்களில் பலரும் அதே கூடத்து வாசலில் நின்று சண்டை போட்டவர்கள்தான்.

அவள் என் கணவன் இங்வியின் முதல் மனைவி.

இங்வி எங்கள் ஊரான டால்விக்கின் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன், பள்ளியில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோவா ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் நேரம், அவன் தேவாலயத்துக்குக் கிளம்பும் நேரம். ஆறு வருஷம் வாசற்படியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அலுத்துப்போய்ப் பிரிந்தார்கள். பெரிய சண்டை எதுவும் இல்லை. பியானோ யாருக்கு என்பதில் மட்டும்தான் மூண்டது. லோவாவுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நாலு ஆட்களைக் கூட்டி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசுவதில்லை. கடையில் எதிரே பார்த்தால், அவன் மாவு அடுக்கைப் பார்ப்பான், இவள் சோப்பு அடுக்கைப் பார்ப்பாள்.

நான் பிறகு வந்தவள். என் பெயர் ரன்வேய்க், ரன்கா என்று கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் படகுகள் கொண்டுவரும் மீனை எடை போடுகிற வேலை எனக்கு. எவ்வளவு கழுவினாலும் மணிக்கட்டில் இரண்டு செதிலாவது ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு இங்வி அதை வைத்தே ஒரு பாட்டு எழுதினான். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிவிட்டு நீ உள்ளே வருகிறாய், உன் மணிக்கட்டில் மீன் செதில் மின்னுகிறது, விளக்கை நான் ஏற்றவே இல்லை என்று போகும் பாட்டு. விருந்துக்கு வந்த எல்லோருக்கும் முன்னால் அவனே வாசித்துப் பாடினான். இங்விக்குக் குரல் கிடையாது. ஆனாலும் பாட்டு முடிந்தபோது மீன் பதனிடும் ஆலைப் பெண்கள் யாரும் கொஞ்ச நேரம் காபிக் கோப்பையைத் தொடவில்லை.

அன்றைக்குப் பதிவு செய்த கேசட்டை நான்தான் அவனுக்குச் சொல்லாமல் தலைநகரான ரெய்க்யாவிக்குக்கு, ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு எங்கள் நாட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு அனுப்பினேன். பாட்டு முதல் கட்டத்தில் தேறிவிட்டது என்று பதில் வந்ததும் இங்வி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "யாரு பாடறது?" என்று கேட்டான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் கோபம் முடிந்துவிட்டது என்று.

தலைநகரத்திலிருந்து ஓர் இளம் பாடகி பாடி அனுப்பினாள். அழகான குரல்தான். ஆனால் மீனையே பார்க்காதவள் மாதிரி, வாசனைத் தைலம் விற்கிறவள் மாதிரி பாடியிருந்தாள். இரண்டாவதாக ஒருவன் பாடினான், அழுது வடிந்தான்.

"இதப் பாட ஒரே ஒருத்தியாலதான் முடியும். உனக்கும் தெரியும்," என்றேன்.

"தெரியாது."

"லோவா."

"அவகிட்ட நான் போய்க் கேக்கவா? இந்த நாட்ட விட்டே போயிடுவேன்."

"நீ போக வேணாம். எனக்கு முடி வளந்திருக்கு."

மறுநாள் பனி அடித்துக்கொண்டிருந்தது. கடலோரச் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து அக்குரேரி போய்ச் சேர்ந்தேன். சலூனில் இரண்டு அம்மாக்கள் தலைக்கு மேல் முடி உலர்த்தியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லோவா என் கழுத்தில் துணியைச் சுற்றி, தலையை நனைத்து, சீப்பை எடுத்தாள். பிறகுதான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இங்வியோட பொண்டாட்டிதானே?"

"ஆமா."

"முடி வெட்டிக்கவா டால்விக்லேர்ந்து இந்தப் பனியில வந்த?"

"இல்ல."

"அதானே. உங்க ஊர்லயே நல்லா வெட்டறவ இருக்கா. நான்தான் அவளுக்குக் கத்துக்குடுத்தேன். சரி கண்ணு, வந்தது வந்துட்ட, நுனியையாவது எடுத்துவிடறேன். என்ன விஷயம்னு சொல்லு."

பையிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். அலமாரி மேல் இருந்த டேப்பில் போட்டுவிட்டு அவள் வெட்டத் தொடங்கினாள். இங்வியின் குரல் வந்ததும் கத்தரி நின்றது. இரண்டாவது அடி வரும்போது கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"இது உன்னப் பத்தியா?"

"ஆமா."

"ஆறு வருஷம் கண்ணு. ஆறு வருஷத்துல அந்த ஆளு எனக்கு ஒத்த வரி எழுதல. உனக்குப் பாரு, மீன் செதில் வரைக்கும் எழுதியிருக்கான்."

"நாப்பது வயசாச்சேன்னு பாவப்பட்டு எழுதியிருப்பான்," என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சிரித்தாள். டேப்பைத் திருப்பி மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவை தானே முணுமுணுத்தாள். மணிக்கட்டு என்று வரும் இடத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னாள், நிஜமாகவே ஒரு கையை எதிரே பார்க்கிறவள் மாதிரி. என் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

உலர்த்திக்கு அடியிலிருந்து ஓர் அம்மா கத்தினாள். "ஏய் லோவா, நீ பாடலேன்னா நான் போய்ப் பாடிடுவேன். அப்புறம் நாட்டுக்கே மானம் போயிடும், சொல்லிட்டேன்."

"நீங்க பாடினா ஐரோப்பாவே டிவிய அணைச்சிடும், தெரியும்," என்ற லோவா என் பக்கம் திரும்பினாள். "ஒரே கண்டிஷன். ஒத்திகையில அவன் வாயத் தொறக்கக் கூடாது. வாசிக்கலாம். என் பியானோவுலதான் வாசிக்கணும்."

அந்தப் பரபரப்பில் அவள் இடது பக்கம் வெட்ட மறந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் இங்வி என்னைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்ன ஆச்சு உன் தலைக்கு?"

"லோவா ஒத்துக்கிட்டா," என்றேன்.

ஒத்திகை அவள் வீட்டில் நடந்தது. இங்வி பியானோவைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தான். சுருதி விலகியிருந்தது. அவன் வாயைத் திறந்தான். அவள் சீப்பை நீட்டி, "வாய்," என்றாள். மூடிக்கொண்டான். அவள் தவறாகப் பாடுகிறாள் என்று தோன்றும் இடத்தில் மட்டும் அந்தச் சுரத்தைப் பலமாக அடித்துக் காட்டுவான். அவள் சட்டை செய்ய மாட்டாள். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, கடைசி அடியை அவள் பாடாமல் பேசிவிட்டு நிறுத்தினாள். அவன் சுரத்தை அடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியே இருக்கட்டும்," என்றான். அவன் வாயைத் திறந்ததற்கு அவளும் திட்டவில்லை. நான் சமையலறையில் கிளைனா என்கிற இனிப்பு மாவுப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய் வைத்தேன். மூன்று பேரும் தின்று தீர்த்தோம்.

ரெய்க்யாவிக்கில் நடந்த தேர்வில் லோவா ஜெயித்தாள். உடனே நாடு முழுக்கப் பைத்தியம் பிடித்தது. ஐரோப்பாவில் நாம்தான் முதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த வருஷம் இங்கே போட்டி நடத்த மண்டபம் போதுமா, வருகிற வெளிநாட்டுக்காரர்களை எங்கே படுக்கவைப்பது என்று பத்திரிகையில் விவாதமே நடந்தது. நீச்சல் குளத்துப் பொது வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு எங்கள் ஊர் ஆட்கள் புள்ளிக் கணக்குப் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் போட்டியில் பெரிய வாத்தியக் குழு உண்டு. ஒவ்வொரு நாடும் அதை நடத்த ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். எழுதியவனே நடத்தட்டும் என்று முடிவானது. இங்வி அதுவரை நடத்தியது தேவாலயப் பாடகர் குழுவை மட்டும்தான். அதில் பாதிப் பேர் குளிருக்கு ஒதுங்க வருகிறவர்கள். அவனைத் தனியாக அனுப்ப மனம் இல்லாமல் நானும் கிளம்பினேன்.

போட்டி நடந்த ஊரில் மே மாதத்திலேயே மரமெல்லாம் இலை விட்டிருந்தது. நாங்கள் தங்கிய ஹோட்டலில் எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்த ஹாவர் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

"லோவா, ஒரு சின்ன யோசனை. மீன் செதில எடுத்துட்டு நட்சத்திரம்னு போட்டுக்கலாமா? நிகழ்ச்சி நடத்தறவங்ககிட்ட பாட்டோட அர்த்தத்த மொழிபெயர்த்துக் குடுத்தோம். அவங்க சிரிக்கிறாங்க."

"ஐரோப்பாவுல ஒருத்தருக்கும் நம்ம பாஷை புரியாது, ஹாவர். நட்சத்திரம்னாலும் ஒண்ணுதான், நாய்க்குட்டின்னாலும் ஒண்ணுதான்."

"அப்ப மாத்தறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

இங்வி தட்டைப் பார்த்தபடி, "மெட்டுல உக்காரும்... மாத்தணும்னா மாத்திடலாம்..." என்று இழுத்தான்.

லோவா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ பேசாத. நீ எழுதினதோட உன் வேல முடிஞ்சுது." சட்டென்று மேஜைக்கு மேலே என் கையைப் பிடித்துத் தூக்கி ஹாவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கையப் பாருங்க. இப்ப செதில் இல்ல. ஏன்னா இவ ஒரு வாரமா வேலைக்குப் போகல. ஊருக்குப் போன மறுநாளே திரும்ப வந்துடும். நட்சத்திரம் வருமா? உலகத்துல எந்தப் பொம்பள கையிலயாவது நட்சத்திரம் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கா?"

பக்கத்து மேஜையில் இருந்த இத்தாலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாவர் என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, செதிலே இருக்கட்டும்," என்று எழுந்து போனார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, அவளும் விடவில்லை. இன்னொருத்திக்காக எழுதிய பாட்டுக்கு இவள் ஏன் இப்படிச் சண்டை போடுகிறாள் என்று அன்றைக்கு நான் யோசித்தேன். பாடிப் பாடி அது அவளுடையதாகிவிட்டது என்பது அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

போட்டி அன்று லோவா வெள்ளி நிறக் கவுன் போட்டிருந்தாள். தோள்பட்டை இரண்டும் இறக்கை மாதிரி நின்றன. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இங்வி வந்து வணங்கிவிட்டு வாத்தியக் குழுவின் பக்கம் திரும்பினான். தாளக் கோலைத் தூக்கினான், உடனே அவசரமாக வீசினான். பாட்டு கிளம்பியது, இருக்க வேண்டிய வேகத்தைவிட ரொம்ப வேகமாக. சாயங்காலம் களைத்து வீட்டுக்கு வருகிற பாட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பாட்டாகிவிட்டது. லோவா முதல் இரண்டு வரியை எப்படியோ அதில் திணித்தாள். பிறகு, லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

இங்வியை நேராகப் பார்த்தாள். இடது கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல மெதுவாகத் தாளம் தட்டினாள். அவன் கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை. கோல் தணிந்தது. வயலின்கள் தணிந்தன. மணிக்கட்டு வரும் இடத்துக்குள் பாட்டு தன் நடைக்கு வந்துவிட்டது. அதன் பிறகே அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். அந்த வரியை ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஓர் அந்நியப் பெண்மணி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சபையில் எல்லோரும் இதைத் திட்டமிட்ட நாடகம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி போட்டு முடித்தபோது எங்களுக்குப் பதினாறாவது இடம். போர்த்துகல் மட்டும் பத்துப் புள்ளி கொடுத்தது. அவர்களும் மீன்பிடிக்கிறவர்கள், வாசனை தெரிந்திருக்கும் என்றான் எங்களோடு வந்திருந்த லோவாவின் தாள வாத்தியக்காரன்.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் இங்வி தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். "என்னாலதான் தோத்தோம்."

"உன்னாலதான் பதினாறு. நான் இல்லேன்னா கடைசி," என்றாள் லோவா. பிறகு அவன் கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டாள். "வா, போய் பீர் குடிக்கலாம். ஊருக்குப் போனா கெடைக்காது."

அப்போது எங்கள் நாட்டில் பீர் விற்கத் தடை. அன்றைக்கு நாங்கள் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டோம். பியானோவை வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரித்து, மறுபடி சண்டை போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து யார் சொல்வதற்கும் தலையாட்டினேன்.

நாட்டுக்குத் திரும்பியபோது கொஞ்ச நாள் எல்லோர் முகமும் தொங்கிக்கிடந்தது. பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் பாட்டில் "நீ" என்றுதான் வரும். அந்த நீ ஆணா பெண்ணா என்று எங்கும் சொல்லவில்லை. இங்வி பாடினால் அது பெண். லோவா பாடினால்? பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவன் கடலிலிருந்து திரும்பிய புருஷன் ஆகிவிட்டான். கடலில் இருப்பவர்களுக்காக வானொலியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வீட்டில் இருக்கிற பெண்கள் பாட்டுக் கேட்டு எழுதுவார்கள். அந்தக் கோடையில் வாரம் தவறாமல் இந்தப் பாட்டைக் கேட்டார்கள். தீவுகளிலிருந்து, மேற்குக் கரையிலிருந்து, நாங்கள் பெயர் மட்டும் கேட்டிருந்த ஊர்களிலிருந்து. என் பாட்டு இப்படிக் கைமாறிப் போனது எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் வெந்நீர்த் தொட்டியில் ஒரு மாலுமியின் மனைவி என்னிடம் கேட்டாள். "அந்தப் பாட்டு ஒன்னப் பத்தினதுன்னு எவனோ கெளப்பி விட்டிருக்கானே, நெசமா?"

"நெசந்தான்."

"அட போடி. அது என் வீட்டுக்காரரப் பத்தினது. கேட்டா எனக்குத் தெரியாதா?"

அவள் புருஷன் அப்போது ஆறு வாரமாகக் கடலில் இருந்தான். "அப்ப அவரப் பத்தினதுதான்," என்றேன். சொன்னதும் எனக்கு உறுத்தல் போய்விட்டது. வீட்டில் எனக்கு அந்தப் பாட்டை எழுதியவனே இருந்தான், பாட்டு எங்கே போனால் என்ன.

லோவாவுக்கு ஹாம்பர்க்கிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஜெர்மன் மொழியில் பாடவைத்தார். சலூனைப் பூட்டிவிட்டுப் போனாள். பெரிய மேடை, நல்ல சம்பளம், இரண்டு இசைத்தட்டு. ஒன்று சுமாராக விற்றது, ஒன்று விற்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். விமான நிலையத்தில் நான்தான் போய் அழைத்து வந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல கண்ணு. அங்க எல்லாரும் உக்காந்து கைதட்டறாங்க. நாப்பது பாட்டுப் பாடறேன், ஒருத்தன் எழுந்து ஆட மாட்டேங்கறான். நான் என்ன தேவாலயத்துலயா பாடறேன்? அதுக்கு இங்வி இருக்கான்."

"வருத்தமா இருக்கா?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "போய்ப் பாத்துட்டேன்ல. போகாம இருந்திருந்தாதான் வருத்தமா இருந்திருக்கும்."

அந்தக் கோடையிலேயே பழைய குழு கூடியது. வேன் ஓட்டுகிறவனுக்கு இடுப்பு வலி. பெரிய வண்டி ஓட்டும் உரிமம் என்னிடம் இருந்தது. மீன் குறைவாக வரும் வாரங்களில் நான் வேனை எடுத்தேன். முதல் வருஷம் உதவிக்கு என்று போனேன், அடுத்த வருஷத்திலிருந்து குழுவில் ஒருத்தி ஆகிவிட்டேன். இங்வி வீட்டில் நிம்மதியாக ஆர்கன் வாசித்துக்கொண்டு, லோவாவுக்கு இரண்டு மூன்று புதுப் பாட்டுகள் எழுதினான். "இது எனக்கா, இவளுக்கா?" என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "பாடறவளுக்கு," என்பான். அது போதும் அவளுக்கு. பிறகு அவள் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிற ஒருவனோடு குடித்தனம் நடத்தினாள். பேசாத மனிதன். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் வந்து கடைசிவரை ஆடுவான்.

இப்போது போட்டிக்கு யார் யாரோ போகிறார்கள். தீ கக்குகிறார்கள், பறக்கிறார்கள். மே மாதம் வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் லோவாவைக் கூப்பிட்டுச் சோபாவில் உட்காரவைத்து, சபைக்கு முதுகைக் காட்டிய கதையைக் கேட்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அவள் கொஞ்சம் மாற்றிச் சொல்வாள். போன வருஷம் கேட்டபோது, கவுன் பின்னால் கிழிந்துவிட்டதா என்று இங்வியிடம் கேட்கத் திரும்பியதாகச் சொன்னாள். அடுத்த நாள் ஊரே அதை நம்பியது.

இந்த ஜூனில் மீனவர் நாள் அன்று டால்விக் துறைமுகத்தில் காற்றும் தூறலுமாக இருந்தது. படகுப் போட்டி முடிந்து, ஆட்கள் நனைந்த கம்பளிச் சட்டையோடு காபிக்கு வரிசையில் நின்றார்கள். லோவாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது, இப்போதெல்லாம் கோடையிலும் சலூனைப் பூட்டுவதில்லை. யாரோ கொடுத்த ஆரஞ்சு நிற மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு லாரியின் பின்தட்டில் ஏறி நின்றாள். நாலு பாட்டுப் பாடினாள். குரல் இன்னும் கட்டையாகிவிட்டது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. மீன் செதில் பாட்டைத் தொடங்கியதும் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். இரண்டு மூன்று ஜோடிகள் ஈரத் தரையில் பூட்ஸோடு ஆடினார்கள். இங்வி தலையில் தொப்பியை அழுத்திப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்று தாளம் போட்டான், இப்போதும் கொஞ்சம் வேகமாகத்தான்.

கைதட்டல் அடங்குவதற்குள் லோவா லாரியிலிருந்து இறங்கிவிட்டாள். இன்னொரு பாட்டு என்று கத்தினார்கள். கையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"வண்டிய எடு, ரன்கா. அக்குரேரியில ஒரு கல்யாணப் பொண்ணு ஈரத் தலையோட எனக்காக உக்காந்திருக்கா."

"காபியாவது குடிச்சிட்டுப் போலாம்."

"வழியில குடிச்சிக்கலாம். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் நான்தான் கல்யாணத்துக்குத் தலை வாரினேன். அவ கத்த ஆரம்பிச்சா உன்னால தாங்க முடியாது."

மழைக் கோட்டைக் கழற்றி இங்வியின் கையில் கொடுத்துவிட்டு முன் இருக்கையில் ஏறினாள். நான் சாவியைத் திருகினேன்.